ஃபில்டரின் நடு ஓட்டை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில், இயந்திரவியல் துறை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் கூப்பிட்டு, “உன் தொழில் அனுபவத்திலிருந்து ஏதாவது இருபது நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்” என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் பேசப் போவது ஒரு பழைய பிக்கப் வண்டியில் டீசல் ஃபில்டர் மாற்றுவது எப்படி என்பதைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் டீ வாங்கி வரும் பையன் கூட அரை மணி நேரத்தில் முடித்து விடும் வேலை அது. அந்த அரை மணி நேர வேலையைப் பட்டம் வாங்கிய ஒரு இன்ஜினியர் எப்படிக் கெடுத்தான் என்பதுதான் என் பேச்சு. அந்த இன்ஜினியர் வேறு யாரும் இல்லை, நான்தான்.

வண்டி இழுக்கவில்லை

என் சித்தப்பா ஒட்டன்சத்திரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். அவரிடம் 2005ஆம் ஆண்டு மாடல் டீசல் பிக்கப் ஒன்று இருந்தது. பாச்சலூர் மலைப்பாதையில் உர மூட்டையும் மளிகைச் சாமானும் ஏற்றிக் கொண்டு போவது, இறங்கும்போது பீன்ஸும் சவ்சவ்வும் ஏற்றி வந்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் இறக்குவது, இதுதான் அந்த வண்டிக்கு வேலை. அதை ஓட்டிய டிரைவர் அண்ணன் பன்னிரண்டு வருடமாகச் சித்தப்பாவிடம் இருந்தவர். வண்டிச் சாவி, டீசல் கணக்கு, மார்க்கெட்டில் வாங்கும் பணம், எல்லாம் அவர் கையில்தான்.

2019ஆம் ஆண்டு மே மாதம் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். “வண்டி இழுக்க மாட்டேங்குது தம்பி, வெறும் வண்டி நல்லாப் போகுது, லோடு ஏத்தி மலை ஏறினா மூச்சு வாங்குது” என்றார் டிரைவர் அண்ணன். ஒரு நடை நானும் கூடப் போய்ப் பார்த்தேன். சமதரையில் குறையே தெரியவில்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் வேகம் குறைந்து கொண்டே வந்தது. கொஞ்சம் நிறுத்தி வைத்து எடுத்தால் சிறிது தூரம் நன்றாகப் போகும், மறுபடி அதே கதை.

இது ஃபில்டர் அடைப்பின் குணம். வெறும் வண்டி சமதரையில் ஓடும்போது இன்ஜினுக்கு வேண்டிய டீசல் கொஞ்சம்தான். பாதி அடைத்த ஃபில்டர் கூட அந்த அளவை விட்டு விடும். பாரத்தோடு ஏறும்போது அதைப் போலப் பல மடங்கு வேண்டும். அப்போதுதான் அடைப்பு வெளியே தெரிகிறது. “சித்தப்பா, ஃபில்டர்தான்” என்றேன். என் கணிப்பு சரியாகவே இருந்தது. பிறகு செய்ததுதான் தப்பு.

வழக்கமான மெக்கானிக் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி கிளம்பியாக வேண்டும். “நானே மாத்திடறேன்” என்றேன். “இஞ்சினியரே மாத்துறாரு, பின்ன என்ன” என்று சித்தப்பா அக்கம் பக்கத்தில் சொல்லிக் கொண்டது என் காதில் விழுந்தது. அந்தச் சொல் என் தலையில் ஏறிக் கொண்டது என்பதையும் சொல்லி விடுகிறேன்.

நான் செய்தது

அந்த வண்டியில் இரட்டை ஃபில்டர். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் இழுக்கும் டீசல் முதல் ஃபில்டருக்குப் போகும், அங்கே பெரிய அழுக்கு தங்கும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், அது நுண்ணிய தூசியைப் பிடிக்கும். அதைத் தாண்டினால் நேரே இன்ஜெக்‌ஷன் பம்ப், அதாவது நம் ஊர் மெக்கானிக்குகள் ‘டீசல் பம்ப்’ என்று சொல்வது. இரண்டு ஃபில்டரும் டப்பா மாதிரி மேலே இருக்கும் தலைப்பகுதியில் திருகி மாட்டுகிற வகை. பழைய மெக்கானிக்குகள் இன்றைக்கும் எந்த டீசல் ஃபில்டரையும் ‘மைக்கோ ஃபில்டர்’ என்பார்கள். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008இல் அந்தக் கம்பெனி பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பிறகும் மக்கள் வாயில் பழைய பேர்தான்.

மாலை ஆறு மணி. மாட்டுக் கொட்டகை ஓரமாக வண்டியை நிறுத்தி ஆரம்பித்தேன். ஃபில்டர் மேல் மண்ணும் எண்ணெயும் அப்பியிருந்ததை ஒரு பழைய துணியால் இரண்டு தடவை துடைத்தேன். பழைய ஃபில்டர் இரண்டையும் கழற்றித் தட்டில் கவிழ்த்தேன். டீ டிகாஷன் நிறத்தில் டீசலும், அடியில் கறுப்பாகச் சேறும் வந்தது. பழைய ரப்பர் வாஷர் தலைப்பகுதியில் ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதுவரை நல்ல பிள்ளைதான்.

புது ஃபில்டரைக் காலியாக மாட்டினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக் பாஷையில் ‘ஏர் எடுக்கிறது’. ஃபீட் பம்பில் இருக்கும் கை பம்ப்பை அடித்து அடித்து டீசலை ஏற்ற வேண்டும். அந்த வண்டியில் கை பம்ப் தேய்ந்து போய், நூறு அடி அடித்தால்தான் சொட்டுச் சொட்டாக ஏறும். அதனால் எனக்கு ஒரு ‘யோசனை’ தோன்றியது. ஃபில்டர்களை டீசலால் நிரப்பியே மாட்டி விட்டால் என்ன?

மோட்டார் ரூமில் ஆயில் இன்ஜினுக்கென்று ஒரு கேனில் டீசல் இருந்தது. அதை எடுத்து வரச் சொன்னேன். டிரைவர் அண்ணன் கேனைக் கொண்டு வந்து வைத்து விட்டு, “பம்ப் அடிச்சே ஏத்திக்கலாம் தம்பி. கூடப் பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதானே” என்றார். “இல்லண்ணே, ஏர் வாங்கிடும். ரொப்பிட்டா ஒரே செல்ப்ல எடுக்கும்” என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

புது ஃபில்டரின் வாயைப் பார்த்தால் ஓரத்தில் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், நடுவில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கும். ஊற்றுவதற்கு எது வசதி? நடு ஓட்டைதான். புனல் வைத்தால் அழகாக உட்காருகிறது. இரண்டு ஃபில்டரிலும் நடு ஓட்டை வழியாக ஊற்றினேன். மாட்டினேன். ஒரே செல்ப்பில் வண்டி எடுத்தது. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றைக்கு ராத்திரி எனக்கு நாட்டுக்கோழிக் குழம்பு.

நடு ஓட்டை என்றால் என்ன

இங்கே இருக்கும் மாணவர்களில் சிலருக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். ஃபில்டரில் டீசல் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக ஓடுகிறது. ஓரத்துச் சின்ன ஓட்டைகள் வழியாக அழுக்கு டீசல் நுழைந்து, மடித்து மடித்து வைத்த காகிதத்தைச் சுற்றி நிற்கும். காகிதத்தை ஊடுருவி நடுவில் வருவது சுத்தமான டீசல். அது நடு ஓட்டை வழியாக அடுத்த இடத்துக்குப் போகிறது. ஆக, நடு ஓட்டை என்பது சுத்தமான பக்கம். அதில் நான் ஊற்றிய கேன் டீசல் எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை.

முதல் ஃபில்டரில் மட்டும் இந்தத் தப்பைச் செய்திருந்தால் இரண்டாவது ஃபில்டர் காப்பாற்றியிருக்கும். நான் இரண்டாவதிலும் ஊற்றினேன். அதற்கு அப்புறம் டீசல் பம்ப்தான், நடுவில் தடுக்க ஒருவரும் இல்லை.

கேன் டீசல் கண்ணுக்குச் சுத்தமாகத்தானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதக் கண்ணுக்குச் சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசி தெரியாது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டீசல் பம்புக்குள் பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவே விடுகிற இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான். அங்கே ரப்பர் சீல் எதுவும் கிடையாது. உலோகத்தோடு உலோகம் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால்தான் டீசல் பின்னால் கசியாமல், நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் நாசிலுக்குப் போகிறது. உராயாமல் வழுக்கிக் கொடுப்பதும் அதே டீசல்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் அந்த இடைவெளிக்குப் பாறாங்கல்.

இந்த நெருக்கமான பொருத்தத்துக்கு ஒரு வரலாறே உண்டு. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் தன் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். ஆனால் அதில் எண்ணெயை உள்ளே தெளிக்க அழுத்திய காற்று வேண்டியிருந்தது, அதற்கொரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. ஆலைக்கும் கப்பலுக்கும் அது சரி, லாரிக்கு எங்கே வைப்பது? எண்ணெயை நேரடியாகவே அழுத்தித் தெளிக்கும் பம்பை ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டு வந்த பிறகுதான் டீசல் இன்ஜின் சாலைக்குப் பரவலாக வந்தது. அந்தப் பம்ப் இருக்கும் இடத்தில் எல்லாம் ஃபில்டரும் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. ஒன்றில்லாமல் மற்றது இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். இதே கல்லூரியில், அளவியல் ஆய்வகத்தில், ஸ்லிப் கேஜை விரலால் தொட்டதற்காக என்னை வெளியே நிற்க வைத்த ஆசிரியர் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாய்மொழித் தேர்வில் “பம்ப் பிளஞ்சரின் இடைவெளி எவ்வளவு?” என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்லி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அதே ஆள்தான் கேனைத் தூக்கி நடு ஓட்டையில் ஊற்றினான். தெரிந்தது மூளையில் இருந்தது, கைக்கு வந்து சேரவில்லை.

பின்னால் நடந்தது

வண்டி முதல் வாரம் பிரமாதமாக இழுத்தது. லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். மூன்றாவது வாரம் சித்தப்பாவிடமிருந்து ஃபோன். “காலையில நல்லா எடுக்குது. மார்க்கெட்ல நிறுத்திட்டு அரை மணி கழிச்சு எடுத்தா செல்ப் அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு” என்றார். சூடான டீசல் நீர்த்துப் போகும். பிளஞ்சரில் கீறல் விழுந்திருந்தால், செல்ப் சுற்றுகிற மெதுவான வேகத்தில் அந்தக் கீறல் வழியாகவே டீசல் பின்னால் நழுவி விடும். நாசிலைத் திறக்க அழுத்தம் வராது. ஃபோனை வைத்ததுமே எனக்கு நடு ஓட்டை நினைவு வந்து விட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. “பார்ப்போம் சித்தப்பா” என்றேன்.

அடுத்த வாரம் ஒரு சிலிண்டர் மிஸ் ஆக ஆரம்பித்தது. லோடு ஏற்றி மலையில் நின்று விட்டது. ஒரு நாள் பீன்ஸ் முழுக்க வாடிப் போயிற்று. சித்தப்பாவுக்கு யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், “டீசலை வித்துட்டு மண்ணெண்ணெய் கலக்குறாங்க, அதான் பம்ப் போயிருக்கு” என்று. டீசல் போடுவது டிரைவர் அண்ணன். சந்தேகம் நேரே அவர் மேல் போயிற்று. பத்துப் பேர் முன்னால் சித்தப்பா கேட்கக் கூடாததைக் கேட்டு விட்டார். பன்னிரண்டு வருடம் ஓட்டிய மனுஷன், சாவியைத் திண்ணையில் வைத்து விட்டுப் பேசாமல் போய் விட்டார்.

இதை எனக்குச் சொன்னது சித்தி. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ‘நிச்சயமாக என்னால்தான் என்று எப்படித் தெரியும், பம்பைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்’ என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக் கொண்டேன். மொத்தம் இருபத்து மூன்று நாள் அப்படி ஓட்டினேன். இன்ஜினியராக அந்த வாதத்தில் குற்றம் சொல்ல முடியாது. மனிதனாக அது கோழைத்தனம்.

பிறகு பம்பைக் கழற்றித் திண்டுக்கல்லில் ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனார்கள். அன்றைக்கு லீவு போட்டு நானும் போனேன். வயதான ஒரு பம்ப் மெக்கானிக், பம்பைச் சோதனை மேசையில் ஏற்றி ஓட்டினார். நாலு சிலிண்டருக்கு நாலு கண்ணாடிக் குழாய். மூன்று குழாய் ஏறக்குறைய ஒரே மட்டம், மூன்றாம் சிலிண்டருக்கு உள்ளது மட்டும் பாதிக்குக் கீழே. பம்பைப் பிரித்து அந்த எலிமென்ட்டை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினார். நேராகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. சாய்த்தால் நீளவாட்டில் மெல்லிய கோடுகள்.

சித்தப்பா, “மண்ணெண்ணெய்தானே?” என்று கேட்டார்.

“மண்ணெண்ணெய்னா நாலும் ஒரே மாதிரி தேயுமுங்க. இது தேய்மானம் இல்ல, கீறல். மணல் போயிருக்கு. ஃபில்டரைத் தாண்டி மணல் எப்படிப் போகும்? யாரோ ஃபில்டர் மாத்தும்போது உள்ள விட்டிருக்காங்க” என்றார் அவர். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. வேலையைப் பார்த்துக் கொண்டேதான் சொன்னார்.

“நான்தான் சித்தப்பா” என்றேன். கேனையும் புனலையும் நடு ஓட்டையையும் சொன்னேன். டிரைவர் அண்ணன் வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். சித்தப்பா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அந்த எலிமென்ட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். “அவன எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேனேடா” என்றார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

ஃபில்டர் இரண்டும் சேர்த்து 450 ரூபாய். எலிமென்ட், டெலிவரி வால்வு, நாசில், கேலிபரேஷன் எல்லாம் சேர்த்து அன்றைக்கு வந்த பில் 18,000 ரூபாய். அதை நான் கொடுத்தேன். பணத்தைக் கொடுத்துத் தீர்க்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

அன்று சாயங்காலமே சித்தப்பாவும் நானும் டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போனோம். சித்தப்பா கையைப் பிடித்துக் கொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் பேச ஆரம்பித்ததும் அவர் நிறுத்தி விட்டார். “ஃபில்டர்ல நீங்க ஊத்துனதுதான்னு எனக்கு அன்னைக்கே ஒரு நினைப்பு தம்பி. நான் சொன்னா, பழியை உங்க மேல தள்ளுறேன்னு ஆயிடும். படிச்ச புள்ள, நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றார். மறுநாள் வேலைக்கு வந்து விட்டார். அந்த வார்த்தை மட்டும் என்னிடமே தங்கி விட்டது.

சரியாகச் செய்வது எப்படி

செயலாளர் அண்ணன் ‘உபயோகமா இருக்கணும்’ என்று சொன்னதால், பழைய பம்ப் வண்டியில் இந்த வேலையைச் செய்யும் முறையையும் சொல்லி விடுகிறேன். நான் அந்தப் பம்ப் மெக்கானிக்கிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டது இது.

முதலாவது, கழற்றுவதற்கு முன்னால் கழுவுவது. ஃபில்டரையும் அதன் தலைப்பகுதியையும் சுற்றியுள்ள குழாய் இணைப்புகளையும் பிரஷ் வைத்து டீசலாலேயே கழுவித் துடைக்க வேண்டும். கழற்றிய பிறகு துடைத்தால் அழுக்கு உள்ளே போகத்தான் வழி. நூல் பிரிகிற வேஸ்ட் துணி கூடாது, நூலும் அழுக்குதான்.

இரண்டாவது, ஃபில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் டீசலை விடக் கனம், அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் இருந்தால் ஃபில்டரை மாற்றியதோடு வேலை முடியவில்லை, டேங்கையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாவது, பழைய வாஷர் தலைப்பகுதியில் தங்கி விட்டதா என்று பாருங்கள். வாஷர் மேல் வாஷர் உட்கார்ந்தால் அங்கே காற்று வாங்கும். புது வாஷரில் கொஞ்சம் டீசல் தடவி, கையால் திருகி, வாஷர் தொட்ட பிறகு ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் முக்கால் சுற்றுக்குள்தான் இருக்கும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் வாஷர் நசுங்கும்.

நான்காவது, புது ஃபில்டரைக் காலியாகவே மாட்டுங்கள். தலைப்பகுதியில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி குறையும், கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் வழியும். அடித்துக் கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். அடுத்து டீசல் பம்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவிலும் அதே மாதிரி. கை வலிக்கும், வலிக்கட்டும். கை பம்ப் தேய்ந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். என் கதையே அந்தத் தேய்ந்த கை பம்ப்பில்தான் ஆரம்பித்தது.

ஐந்தாவது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் செல்ப்பை விடாமல் அடிக்காதீர்கள், நடுவில் ஆற விடுங்கள். இன்ஜெக்டர் குழாயில் ஏர் எடுக்க வேண்டி வந்தால் பழகியவரை வைத்துச் செய்யுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய் விடும். பார்க்க ஊசி குத்தின புள்ளி மாதிரி இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. காமன் ரயில் வண்டிகளில் அந்தக் குழாய்களைத் தளர்த்தி ஏர் எடுக்கிற பழக்கமே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல்.

ஆறாவது, பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அறுத்துப் பாருங்கள். துருவா, மணலா, கறுப்புப் பாசியா? துரு என்றால் டேங்க். மணல் என்றால் ஊற்றிய பாத்திரம். கறுப்பாக வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளர்கிற நுண்ணுயிர். சித்தப்பா வண்டியில் மூன்றும் இருந்தது. அவசரத்துக்கு மோட்டார் ரூம் கேனிலிருந்து அவ்வப்போது டேங்கில் ஊற்றுவது அங்கே வழக்கமாம். கேனைக் காலி செய்து கவிழ்த்தோம். அடியில் ஒரு கைப்பிடி மண் இருந்தது. டேங்கையும் இறக்கிக் கழுவினோம். அதற்கு முன்னால் எத்தனை ஃபில்டர் மாற்றியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

இன்னொன்று, அடிக்கடி மாற்றினால் நல்லது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது முழுக்கச் சரியில்லை. காகிதத்தின் மேல் படிகிற அழுக்கே ஒரு வடிகட்டியாக வேலை செய்யும். ஓரளவு ஓடிய ஃபில்டர் புது ஃபில்டரை விட நுண்ணிய தூசியைக் கூடப் பிடிக்கும், ஓட்டம்தான் குறையும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் சுத்தமான பக்கத்தை நாம் வெளிக்காற்றுக்குத் திறக்கிறோம். கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுங்கள், அதற்கு முன்னால் அடைத்தால் காரணத்தைத் தேடுங்கள்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க பி.எஸ். 6 டீசல் வந்து விட்டது. புது வண்டிகளில் தண்ணீர் சேர்ந்தால் விளக்கு எரிகிறது, பலவற்றில் மின்சாரப் பம்பே ஏர் எடுத்துக் கொள்கிறது. இனி இந்தப் பாடம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் கூடக் கூடப் பொருத்தம் இன்னும் நெருக்கம், அழுக்குக்கு மன்னிப்பு இன்னும் குறைவு. புது வண்டியின் ஃபில்டரிலும் ஒரு சுத்தமான பக்கம் உண்டு. அதைத் திறக்கிற கை நம்முடையதுதான்.

முடிவாக

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகிற இடத்தில் உங்களை விடப் படிப்புக் குறைந்தவர் ஒருவர், “பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதானே” என்று சொல்லுவார். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்து விடுங்கள். ஒருவேளை கொடுக்காமல் தப்புச் செய்து விட்டால், அடுத்தவர் மேல் பழி விழுவதற்கு முன்னால் சொல்லி விடுங்கள். எனக்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

அந்த மூன்றாம் நம்பர் எலிமென்ட்டைப் பம்ப் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். துறைத் தலைவர் அனுமதித்தால் அளவியல் ஆய்வகத்துக்கே கொடுத்து விடுகிறேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், என் கைரேகை தெரியும்.